போர்வைக் கிட்னி

அந்தச் செல்கள் சுகன்யாவுடையவை அல்ல என்று மூன்றாவது முறையும் கருவி சொல்லிவிட்டது.

"சாம்பிள் மாறியிருக்கும்னு நானே மறுபடி எடுத்தேன் மேடம்," என்றாள் மும்தாஜ். "வாய்க்குள்ள இருந்து எடுத்த செல்லு அவங்களோடது. கழுத்து நெறிக்கட்டியில இருந்து எடுத்தது வேற யாரோடதோ."

மும்தாஜ் அந்த ஆய்வகத்தில் பதினான்கு வருஷமாக டெக்னீஷியன். அவள் தப்புச் செய்து ரெஜினா பார்த்ததில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்து மட்டும் பார்த்திருக்கிறாள், அடிக்கடி. இன்றைக்கு அந்தப் பயம்கூட முகத்தில் இல்லை.

டாக்டர் ரெஜினா நோயாளிகளின் முகத்தைப் பார்க்கிற டாக்டர் இல்லை. திருச்சியின் அந்த உறுப்பு மாற்று மையத்தில், இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய், இது நோயே இல்லை என்று எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு வருஷம் பார்த்தாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது.

"கிட்னியோட பதிவோட ஒப்பிட்டியா?"

"ஒப்பிட்டேன் மேடம். அச்சு அசலா அதுதான்."

சுகன்யாவின் அடிவயிற்றில் ஐந்து வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கும் சிறுநீரகம் எவரிடமிருந்தும் வெட்டி எடுத்ததல்ல. பெயர் வெளியிடப்படாத ஒரு பெண்ணின் செல்லை எடுத்து, தொட்டியில் வளர்த்தது. அதே பெண்ணின் செல்லிலிருந்து வளர்ந்த சிறுநீரகங்கள் இந்த மையத்தில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தன. சாதாரணமாக இன்னொருவர் உறுப்பை வைத்தால் உடம்பு அதை அந்நியன் என்று அடித்து விரட்டப் பார்க்கும். ஆயுசு முழுக்க மாத்திரை போட்டு உடம்பின் எதிர்ப்பை அடக்க வேண்டும். இந்தச் சிறுநீரகத்துக்கு மாத்திரை வேண்டாம். அதன் ஒவ்வொரு செல்லின் மேலும் ‘என்னைத் தொடாதே, நான் இந்த வீட்டு ஆள்’ என்று சொல்லும் இரண்டு புரதங்களை விஞ்ஞானிகள் போர்த்தி அனுப்பியிருந்தார்கள். ஜனங்கள் அதற்குப் போர்வைக் கிட்னி என்று பேர் வைத்தார்கள்.

இப்போது அந்தச் சிறுநீரகத்தில் ஒரு செல் கெட்டுப்போய், பெருகி, போர்த்திய போர்வையோடு கழுத்து வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றாள் ரெஜினா. சொன்ன பிறகுதான், இப்படி ஒரு வார்த்தையை அந்த அறையில் தான் இதுவரை சொன்னதில்லை என்று பட்டது.

அவளுடைய கணவர் பெலிக்ஸுக்கும் ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே சிறுநீரகத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

*

மையத்தின் தலைவர் டாக்டர் கதிரேசன் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் அவர் கையால் வைத்தவை.

"இதை மாநிலக் குழுவுக்கு அனுப்பினா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும் ரெஜினா."

"தெரியும் சார். எல்லாருக்கும் விலக்கு ஊசி போடச் சொல்லுவாங்க."

விலக்கு ஊசி என்பது போர்வையைக் கழற்றுகிற மருந்து. ஆரம்பத்திலேயே தயாரித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் பத்து நாளில் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியன் என்று கண்டுகொண்டு அழித்துவிடும். அதிலிருந்து கிளம்பிப்போன புற்றுச் செல்களும் அந்நியர்கள்தான் என்பதால் அவையும் சேர்ந்து அழியும். அழிந்த பிறகு அந்த மனிதர் பழையபடி டயாலிசிஸ் மெஷினுக்குப் போக வேண்டும்.

"எந்த மெஷினுக்குப் போவாங்க?" கதிரேசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி இந்த வட்டாரத்துல இருநூத்துச் சொச்சம் மெஷின் இருந்துச்சு. போர்வைக் கிட்னி வந்தப்புறம் ஒவ்வொண்ணா மூடிட்டாங்க. நம்ம பழைய டயாலிசிஸ் ஹால்ல இப்ப என்ன நடக்குது? பிசியோதெரபி. ஓடுற மெஷின் நாப்பத்தெட்டு. வாரத்துக்கு மூணு தடவைன்னு வெச்சா முந்நூறு பேருக்குக்கூடக் காணாது. மத்தவங்க?"

ரெஜினா மேசைமேல் கிடந்த அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கு வந்திருக்கு. ஒரே ஒருத்தருக்கு. ரெண்டு வாரம் குடுங்க. இன்னொரு லேப்ல பாப்போம். மெஷினுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ண முடியுதான்னு நான் பேசிப் பாக்கறேன். அப்புறம் அனுப்புவோம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் சரி என்று தலையாட்டியபோது அந்த நியாயத்தை நினைத்து அவள் தலையாட்டவில்லை. பெலிக்ஸ் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம்தான் காதில் கேட்டது.

பெலிக்ஸ் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சிறுநீரகம் செத்துப்போய் நாலு வருஷம் மெஷினில் கிடந்தவர். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஐஸ் துண்டு ஒன்றை உதட்டில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். போர்வைக் கிட்னி வைத்து மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, ‘முழுசாக் குடிங்க சார்’ என்றபோது, குடித்துவிட்டு அழுதார். பிறகு மைதானத்துக்குத் திரும்பினார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை விரட்டுகிற குரல் தெரு முனை வரைக்கும் கேட்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம், "சுகர் டெஸ்ட் பண்ணி ரொம்ப நாளாச்சு, நாளைக்கு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க," என்றாள் ரெஜினா, காய் நறுக்கிக்கொண்டே.

"போன மாசந்தானே பண்ணேன்?"

"பண்ணீங்களா?"

"வெளிய ஒரு லேப்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். வெளியில் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெம்பில்லை. கேட்டால் அவர் ஒன்று சொல்லுவார், அதற்குத் தான் ஒன்று சொல்ல வேண்டி வரும் என்று விட்டுவிட்டாள்.

*

பதினோராம் நாள் காலை, காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் ரெஜினா வார்டுக்குப் போனாள்.

சுகன்யாவுக்கு முப்பத்தொன்பது வயது. உறையூரில் தையல் கடை. தலையணையில் சாய்ந்தபடி, ஆஸ்பத்திரிப் போர்வையின் பிரிந்துபோன ஓரத்தைக் கையூசியால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் என் கட்டியப் பாத்த டாக்டரா? ஒண்ணு கேக்கணும். கிட்னியில இருந்து வந்ததா இருக்கும்னு பெரிய டாக்டர் சொன்னாரு. கிட்னி அடிவயித்துல இருக்கு. இது எப்படிக் கழுத்துக்கு வந்துச்சு?"

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்லைடிடம் பேசியே பழகியவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எல்லார் உடம்புலயும் அப்பப்ப ஒரு செல் தப்பா வளரத்தான் செய்யும்மா. உடம்புக்குள்ள காவலுக்குச் சுத்துற செல்லுங்க அதைக் கண்டுபிடிச்சு முடிச்சிடும். அதுல தப்பிக்கணும்னா, கெட்ட செல்லு ‘நான் இந்த வீட்டு ஆளு’ன்னு ஒரு போர்வையைத் தேடிப் போத்திக்கணும். அதைக் கத்துக்க அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். முக்காவாசி கத்துக்காமலே செத்துப்போகும்."

"என் கிட்னிக்குத்தான் நீங்களே போத்தி விட்டுட்டீங்களே."

"ஆமா. அது கத்துக்க வேண்டிய வித்தையைப் பொறக்கும்போதே குடுத்து அனுப்பிட்டோம். அப்புறம் இன்னொண்ணு. கட்டியில இருந்து ரத்தத்துல எறங்குற செல்லுங்கள்ல ஆயிரத்துல ஒண்ணு பிழைச்சாப் பெருசு. போற வழியிலேயே காவல் செல்லுங்க அடிச்சிரும். உங்களுக்கு யாரும் அடிக்கல. அது பாட்டுக்கு ரத்தத்துல போயி, நெறிக்கட்டியில எறங்கி, அங்கேயே குடித்தனம் பண்ணியிருக்கு."

சுகன்யா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அஞ்சு வருஷம் நல்லா வாழ்ந்தேன் டாக்டர். குறை சொல்ல வாய் வரல. ஊசி போட்டா கிட்னி போயிடுமாமே?"

"போயிடும்."

"போடுங்க. ஆனா எனக்கு மட்டும் போட்டா எப்படி? எங்க ஆளுங்க இன்னும் மூணு பேருக்கு யூரின்ல ரத்தம் வருதே."

"எந்த ஆளுங்க?"

"போர்வைக்காரங்கன்னு போன்ல ஒரு குழு வெச்சிருக்கோம். அதுல பேசிக்குவோம். எனக்கும் முதல்ல ரத்தந்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனாக் கிட்னியப் புடுங்கிருவாங்க, மறுபடி மெஷின்ல போட்டுருவாங்க, பேசாம இருங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. அவருக்கும் வருதாம். அவரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க. தைரியமான மனுஷன். யாரோ பி.டி. மாஸ்டராம். துறையூர்ப் பொண்ணு ஒண்ணு, இருபத்தாறு வயசு, பயந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருச்சு. அவருதான் பேசி நிறுத்தி வெச்சாரு. நல்லதுக்குத்தானே சொல்லுவாரு. கழுத்துல கட்டி வரலைன்னா நானும் வந்திருக்க மாட்டேன்."

ரெஜினா எழுந்து நின்றாள். நாற்காலியின் முதுகைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முடியலியா டாக்டர்?" என்றாள் சுகன்யா.

*

பெலிக்ஸ் ஆறு மணிக்கு வந்தார். சமையலறையில் நின்றபடி தண்ணீர் குடித்தார். குடித்து முடிக்கும்வரை ரெஜினா காத்திருந்தாள்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?"

சொம்பைக் கழுவுதொட்டிக்குள் வைத்தார். திரும்பவில்லை. "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன?"

"நாலு மாசம்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா உங்களுக்கு? இதே வேலையத்தானே நான் இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன்?"

"அதனாலதான் சொல்லல. வேற யாருகிட்டயும் சொல்லிட்டு, வெளிய விடாதப்பான்னு கெஞ்சலாம். உன்கிட்ட சொன்னா நீ எழுதிருவ."

ரெஜினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. "நான் எழுதல. பதினோரு நாளா ஒரு பொம்பளையோட ஸ்லைடு என் மேசையில கெடக்கு. கிட்னியில இருந்து வந்த புத்துன்னு எனக்குத் தெரியும். உங்களை நெனச்சுக்கிட்டு எழுதாம உக்காந்திருக்கேன்."

அவர் அவளுக்கு எதிரில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே மைதானத்துச் செம்மண் ஒட்டியிருந்தது.

"சாவைப் பத்திப் பயம் இல்ல ரெஜி. அந்த நாற்காலியப் பத்தித்தான். நீ நாலு வருஷம் கூடவே இருந்த. ஆனா வெளிய இருந்துதான் பாத்த. நாலு மணி நேரம் ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தி உள்ள விட்டு, வீட்டுக்கு வந்து படுத்து, எந்திரிச்சா மறுபடி நாளைக்கு முறை. எனக்கு அம்பத்தி நாலு வயசு. இதோட போனாப் போகட்டும்னு முடிவு பண்ணிட்டேன்."

"உங்களுக்கு முடிவு பண்ணீங்க. சரி. துறையூர்ப் பொண்ணுக்கு யாரு முடிவு பண்ணது?"

பெலிக்ஸ் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டினார். "ஒத்தையா இருக்கப் பயமா இருந்துச்சு," என்றார். "நாலு பேரு என்னை மாதிரியே இருந்தா, நான் செய்யறது சரிதான்னு தோணும்ல."

பிறகு அவரே எழுந்து போனை எடுத்து வந்தார். குழுவுக்கு அனுப்ப வேண்டியதை அவள் சொல்லச் சொல்லத் தட்டினார். ‘நான் தவறாகச் சொல்லிவிட்டேன். ரத்தம் போகிற அனைவரும் நாளைக்கே மையத்துக்குப் போங்கள். நானும் போகிறேன்.’ அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரெஜினா அறிக்கையை மாநிலக் குழுவுக்கு அனுப்பினாள். கதிரேசனிடம் அனுப்பிய பிறகுதான் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "நல்லது," என்றார். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது; யாராவது தன்னைத் தாண்டிப் போய்ச் செய்துவிட மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி.

*

பெலிக்ஸின் நுரையீரலில் மூன்று புள்ளிகள் இருந்தன. முதல் ஊசியை அவருக்குத்தான் போட்டார்கள். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் காய்ச்சல் நூற்று மூன்று. அடிவயிறு வீங்கிக் கல்லானது. உடம்பு ஆறு வருஷமாகத் தொடாமல் விட்டிருந்ததை ஒரு வாரத்தில் அடித்து நொறுக்கியது. செத்த சிறுநீரகத்தை அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்தில் நுரையீரல் புள்ளிகள் மூன்றும் இல்லாமல் போயின.

சுகன்யாவுக்கும் கழுத்துக் கட்டி கரைந்தது. ஆனால் ஈரலில் இருந்த ஒன்று மட்டும் கரையாமல் வளர்ந்தது. அதிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை ரெஜினா பார்த்துவிட்டு, கதிரேசனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுக்கு மேல போர்வை இல்ல சார். ஊசி அதைச் சரியாத்தான் கழட்டியிருக்கு. ஆனா அதுக்குள்ள இது இன்னொண்ணு கத்துக்கிச்சு. தான் யாருன்னு காட்டுற அடையாளத்தையே அழிச்சிடுச்சு. காவல் செல்லு வந்து பாத்தா, அடிக்கணும்னு சொல்ல அங்க எதுவுமே இல்ல."

"எப்ப ஆயிருக்கும்?"

"போன மாசம் இருக்கலாம். நான் ஸ்லைடை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பவும் இருக்கலாம்."

கதிரேசன் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

சுகன்யா ஏழாவது வாரம் இறந்தாள். துறையூர்ப் பெண் அதற்கு அடுத்த வாரம். அவள் பெயர் அபிநயா என்பது பெலிக்ஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. குழுவில் அவள் ஒரு பூப்படத்தைத்தான் பெயராக வைத்திருந்தாள். சாவுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், துறையூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் சோதித்ததில் ஒன்பது பேருக்குப் புற்று இருந்தது. ஏழு பேர் பிழைத்தார்கள். மற்ற அறுநூற்று மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கு வராது என்று எவராலும் கையெழுத்துப் போட முடியவில்லை. அவர்களுக்கும் ஊசி போட்டார்கள். பிசியோதெரபி அறையைக் காலி செய்து எங்கெங்கிருந்தோ பழைய மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படியும் போதவில்லை. வாரத்துக்கு மூன்று முறை என்பது இரண்டானது. நாலு மணி நேரம் மூன்றானது. முதல் மூன்று மாதத்தில், முறை வருவதற்குள் மூச்சுமுட்டியும் இதயம் நின்றும் முப்பத்தொரு பேர் செத்துப்போனார்கள்.

ஏழு பேர் பிழைத்தார்கள், முப்பத்தொரு பேர் செத்தார்கள் என்று ஒருவர் மையத்தின் வாசல் சுவரில் கரியால் எழுதி வைத்தார். ரெஜினா தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள். அழிக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எழுதியவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

*

ஆடி மாதம் மாநிலக் குழுவிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. பழைய ஸ்லைடுகள் அனைத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். முதல் கெட்ட செல் எங்கே, எப்போது தென்பட்டது என்று தெரிய வேண்டும். சிறுநீரகம் வைத்து ஒரு வருஷம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஸ்லைடுகளெல்லாம் கிடங்கில் இருந்தன.

மும்தாஜ் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தாள். ரெஜினா வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். நாலாம் நாள் மத்தியானம் ஒரு ஸ்லைடில் நிறுத்தினாள். சிறிய ரத்தக்குழாயை ஒட்டி, ஓர் ஓரத்தில், ஆறு செல்கள். உட்கரு பெருத்து, கறுத்து, பக்கத்துச் செல்களோடு ஒட்டாமல் தனியாக நின்றன. மறைவாக இல்லை. முதல் வருஷ மாணவிகூடக் கண்டுபிடித்திருப்பாள்.

எண்ணைப் பதிவேட்டில் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஸ்லைடை அவளுக்குத் தெரியும். கணவருடையதை நீயே பார்க்கக் கூடாது என்று விதி இருந்தும், காத்திருக்கப் பொறுக்காமல் தானே பார்த்தது. வந்த அன்றைக்கே, பத்து நிமிஷத்தில் பார்த்து, ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மைதானத்துக்குப் போன் செய்து, சுத்தமா இருக்குங்க என்று சொன்னது.

பதிவேட்டை வேறொன்றுக்காகத் திறந்தாள். அந்தத் தேதி வரைக்கும் எத்தனை பேருக்குப் போர்வைக் கிட்னி வைத்திருந்தார்கள்? எண்பத்து மூன்று பேருக்கு. மற்ற ஐந்நூற்று இருபத்தொன்பது பேரும் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வந்தவர்கள்.

மும்தாஜ் பக்கத்தில் வந்து நின்று, எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

ரெஜினா அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. எதையும் விடவில்லை, விதியை மீறியது, பத்து நிமிஷம், எல்லாம். அனுப்பினாள். பிறகு படியிறங்கிக் கீழே டயாலிசிஸ் ஹாலுக்குப் போனாள். அன்று பெலிக்ஸுக்கு மத்தியான முறை.

முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு குழாய்களோடு அவர் சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல சண்முகநாதன். துவாக்குடியில் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். ஒரே முறை என்பதால் மூன்று மாதமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில். கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பெலிக்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னிக்கே நீ கண்டுபிடிச்சிருந்தா எனக்கு அன்னிக்கே ஊசி போட்டிருப்பாங்க," என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்பவே நிறுத்தியிருப்பாங்க. அபிநயாவுக்கு வெச்சிருக்கவே மாட்டாங்க."

"ஆமா."

மெஷினின் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு வருஷம் எனக்கு நல்லா இருந்துச்சு ரெஜி. ஓடினேன், கத்தினேன். அதுக்காக நான் இப்ப வருத்தப்படணும்னு தெரியுது. வரமாட்டேங்குது." கண்ணில் தண்ணீர் இறங்கியது. அவர் கையைத் தூக்குவதற்குள் அவள் துடைத்துவிட்டாள். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டுத்தான் வந்தேன்."

தலையை அசைத்தார்.

"சிஸ்டர்," என்று பக்கத்திலிருந்து சண்முகநாதனின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்திருந்தார். அவர்களைப் பார்க்கவில்லை, மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் திரையக் கொஞ்சம் இழுத்து விடுங்க."

நர்ஸ் வந்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே பச்சைத் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அவருக்கு எப்போது வைத்தார்கள் என்று ரெஜினாவுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால். பதிவேட்டில் இருநூற்றுப் பதினேழாவது பெயர்.

பெலிக்ஸ் குழாய் இல்லாத கையால் அவள் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. அவள் அந்தக் கையை மெல்ல விலக்கி மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். திரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவர் முகத்துக்கு நேராக, நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றாள்.

"ஐயா, என் பேரு ரெஜினா," என்றாள். "மேல லேப்ல டாக்டர். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."